கல்லறைக் கதையும் கூடாரத்து வாழ்வும்

தமிழ்த்துறைக் கருத்தரங்குகளில் ஜி. யு. போப் பற்றிப் பேச எழும் எவரும் தவறாமல் சொல்லும் கதை ஒன்றுண்டு. தம் கல்லறையின்மீது தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொல்லி உயில் எழுதினார் என்பதே அது. பள்ளிப் பேச்சுப் போட்டி தொடங்கி முனைவர் பட்ட ஆய்வேட்டின் முன்னுரை வரை இக்கதை சளைக்காமல் பயணம் செய்கிறது. ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் இடுகாட்டில் போப்பின் கல்லறை இன்றும் இருக்கிறது. எழுத்தும் படிக்கும்படியாகவே இருக்கிறது. அதில் அப்படியொரு வரி கிடையாது. அவர் தென்னிந்தியாவில் வாழ்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்ற செய்திகளுக்குப் பின், அக்கல்லை நாட்டியவர்கள் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது.

கட்டிய கதை இனிக்கிறது. கல்லில் உள்ள செய்தியோ அதைவிடப் பெரியது. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் கல் நாட்டத் தமிழ்நாட்டில் நண்பர்கள் இருந்திருக்கிறார்கள். யார் அவர்கள்? எப்படி நண்பர்களானார்கள்? அவரோடு உட்கார்ந்து உண்டார்களா, திண்ணையில் நின்று பேசிவிட்டுப் போனார்களா? இக்கேள்விகளை எழுப்பிய மேடைப் பேச்சு எதையும் நாம் இதுவரை கேட்டதில்லை. 'மாணவன்' என்ற சொல்லில் தமிழின் பெருமை பேசப்பட்டு விடுகிறது. கைதட்டல் கிடைத்து விடுகிறது. 'நண்பர்' என்ற சொல்லோ விசாரணையைக் கோருகிறது.

நாம் இங்கே முன்வைக்க விரும்பும் வழக்கு இதுதான். தமிழ் இலக்கிய உலகம் மிஷனரியை இரண்டே விதமாகத்தான் அறிந்திருக்கிறது. ஒருசாரார்க்கு அவர் தமிழ்த் தொண்டர். அகராதியும் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் தந்தவர். மாலை சூட்டத் தக்கவர். மறுசாரார்க்கு அவர் ஏகாதிபத்தியத்தின் முன்தூதர், மதமாற்ற முகவர், தோலுரிக்கத் தக்கவர். மாலை போடுகிறவரும் கல்லெறிகிறவரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்: வெண்தாடி, கறுப்பு அங்கி, கையில் தடித்த நூல். அந்தப் படத்தில் இருப்பவர் முதியவர். இங்கே வந்திறங்கியவரோ வேறு ஆள். போப் 1839இல் வந்தபோது அவருக்கு வயது 19. கால்டுவெல் 1838இல் சென்னையில் கால்வைத்தபோது 23. சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கியபோது ஏறத்தாழ 24. இன்று நம் வகுப்பறைகளில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களின் வயது அது. வெயிலும் வயிற்றுக்கோளாறும் வீட்டு நினைவும் புரியாத மொழியும் சூழ, அந்தப் பையன் காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை என்ன செய்தான், யாரை நம்பி வாழ்ந்தான் என்பதில்தான் மிஷனரி வரலாற்றின் மெய்யும் பொய்யும் இருக்கின்றன. நம் துறையினர் படிக்காமல் ஒதுக்கி வைத்திருப்பதும் அதைத்தான்.

சீகன்பால்கு தம் அன்றாடக் கால அட்டவணையை ஊருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். காலையில் கற்ற தமிழ்ச் சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்த்தல். பிறகு நண்பகல் வரை, ஒரு வயோதிகப் புலவரும் ஓர் எழுத்தரும் உடனிருக்கத் தமிழ் நூல்களை வாசித்தல். உண்ணும்போது ஒருவர் வேதாகமம் வாசிக்கக் கேட்டல். வெயில் தாளாமையால் சிறிது ஓய்வு. பிற்பகலில் மீண்டும் தமிழ் நூல்கள். இரவில் விளக்கொளி கண்ணைக் கெடுக்கும் என்பதால், வேறொருவர் தமிழ் நூலை வாசிக்கத் தாம் காதால் கேட்டல். அதற்கும் முன்னால், திண்ணைப் பள்ளி நடத்திய ஒரு முதிய வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகியிருக்கிறார்.

இந்த அட்டவணையை ஒரு தமிழ் வாசகர் எப்படிப் படிக்கவேண்டும்? 'எவ்வளவு உழைப்பு!' என்று மிஷனரியை வியப்பது எளிது. ஆனால் அட்டவணையின் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு தமிழர் உட்கார்ந்திருக்கிறார். புலவர், எழுத்தர், வாத்தியார், வாசிப்பவர். டேனியக் கம்பெனியில் துபாஷியாக இருந்த அழகப்பன் சீகன்பால்குவுக்குத் தமிழ் கற்பித்தார். அதன் காரணமாகவே தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். மிஷனரிக்கு உதவியதற்காக ஒரு தமிழர் ஊரையும் பிழைப்பையும் இழந்தார் என்பது தமிழ் உரைநடை வரலாற்றின் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை நாம் பாடநூலில் வைத்ததுண்டா? 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாக் கடற்கரையில் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் வீரமாமுனிவருக்கும் சிலை வைத்தோம். வைத்தது சரியே. அவர்களுக்குப் பாடம் சொன்னவர்களுக்குச் சிலை வேண்டாம். பெயர் தெரிந்தவர்களின் பெயரையாவது உச்சரிக்க வேண்டாமா? மிஷனரியின் அன்றாடத்தைத் தள்ளிவிட்டு அவர் எழுதிய நூலை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது அன்றாடத்தில் வாழ்ந்த தமிழர்களையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம். தமிழ்ப்பற்றின் பெயரால் நடக்கும் தமிழர் மறைப்பு இது.

மறுசாராருக்கும் இந்த அன்றாடம் வசதியானதாக இல்லை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்குவை, அதே டென்மார்க்கின் கம்பெனித் தளபதி 1708இன் இறுதியில் சிறையில் தள்ளி ஏறத்தாழ நான்கு மாதம் அடைத்து வைத்தார். வணிகத்துக்கு மிஷனரி இடைஞ்சல் என்பது கம்பெனியின் எண்ணம். மிஷனரி என்றாலே கம்பெனியின் கைக்கூலி என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் இந்த நான்கு மாதங்களை எங்கே வைப்பார்கள்?

தரங்கம்பாடியை விட்டு எம் ஊர்ப்பக்கம் வருவோம். வத்திராயிருப்பில் இன்று யாரிடமும் ராக்லண்ட் என்ற பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். அதில் குற்றமில்லை. தமிழ் முதுகலை படித்தவர்களும் விழிக்கிறார்கள் என்பதுதான் குற்றம். தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுநிலை உறுப்பினரானவர். 1845இன் இறுதியில் சென்னைக்கு வந்து சர்ச் மிஷன் சங்கத்தின் செயலராகப் பணியாற்றினார். கணக்கும் கோப்பும் பங்களாவும் கொண்ட அந்தப் பதவியை விட்டுவிட்டு, 1854இல் தம்மினும் இளையவர்களான டேவிட் ஃபென், மெடோஸ் இருவருடன் வட திருநெல்வேலிக்கு வந்தார். சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் சங்கரன்கோவிலும் அந்நாளைய வட திருநெல்வேலிக்குள் அடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் மேற்குக் கோடியில், சதுரகிரி அடிவாரத்துக்கு அருகில் கிடக்கும் எம் வத்திராயிருப்பும் அந்த நிலப்பரப்பைச் சேர்ந்ததே.

தெற்கே நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி எனக் கிறித்தவ ஊர்கள் எழுந்து நின்ற காலம் அது. வடக்கே கரிசல்காட்டில் அப்படி எதுவும் இல்லை. ராக்லண்டின் திட்டம் எளியது. பங்களா கட்டுவதில்லை. மணமாகாதவர்கள் கூடாரத்தில் வாழ்வது. ஓரிடத்தில் கூடாரமடித்துக் காலையும் மாலையும் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்ப் பேசுவது. சில நாளில் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றி அடுத்த இடத்துக்கு நகர்வது. கரிசல் மண்ணின் சித்திரை வெயிலைத் துணிக்கூரையின் கீழ் கழித்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ராக்லண்டுக்கோ நெஞ்சு நோய் வேறு. நான்காண்டுகள் இப்படி அலைந்து, 1858 அக்டோபர் 22இல் சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தார்.

அவர் அகராதி எழுதவில்லை. இலக்கணம் எழுதவில்லை. குறளை மொழிபெயர்க்கவில்லை. மதம் மாறியவர்களின் எண்ணிக்கையும் அந்நாளில் சொற்பமே. ஆகவே தமிழ்த் தொண்டர் பட்டியலிலும் அவர் இல்லை. மதமாற்றச் சதிக்காரர் பட்டியலிலும் இல்லை. இரண்டு பட்டியலுக்கும் பயன்படாத ஒரு மனித வாழ்வு நம் அறிவுலகத்துக்கு வேண்டாததாகி விடுகிறது. இங்கிலாந்தில் 1861இல் பெரோன் என்பவர் ராக்லண்டின் கடிதங்களையும் குறிப்புகளையும் கொண்டு வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். 1922இல் டோனாவூரில் இருந்த எமி கார்மைக்கேல் மீண்டும் ஒரு நூல் எழுதினார். இரண்டும் ஆங்கிலம். எம் வட்டார வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றைப் புரட்டியதற்கான தடயம் எம் கண்ணில் படவில்லை.

அந்தக் கூடாரங்களில் மூன்று வெள்ளைக்காரர் மட்டும் இருந்தார்கள் என்று எண்ணினால் அதுவும் பிழை. தெற்கத்திச் சபைகளின் தமிழ்க் கிறித்தவர்கள் தம் காணிக்கையில் உபதேசியார்களை வடக்கே அனுப்பினார்கள். மாதத்துக்கு மாதம் முறைவைத்து ஆட்கள் மாறினார்கள். தேரிக்காட்டிலிருந்து கரிசல்காட்டுக்கு வந்த அந்த உபதேசியார் உண்டது என்ன, உறங்கியது எங்கே, எந்தத் தெருவுக்குள் அவரை விட்டார்கள், எந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ள விட்டார்கள்? சாதியின் நுணுக்கங்கள் அனைத்தையும் ஊர்விட்டு ஊர் சுமந்து அலைந்த ஒரு தமிழனின் நாள் அது. கரிசல் இலக்கியம் என்று பெருமை பேசும் நமக்கு அந்த நாள் இன்னும் கதையாகவில்லை.

இனி, இக்கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் எப்படிப் படிப்பது என்ற சிக்கல். 'அவை காலனியப் பிரதிகள்; நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை; நம்பத் தகாதவை' என்று ஒரு தரப்பு சொல்லும். நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை என்பது முழு உண்மை. மிஷனரியின் அன்றாடத்தில் மிகக் கடினமான வேலை வெயிலில் நடப்பதன்று. ஊருக்குக் கடிதம் எழுதுவது. இருட்டு அதிகமாக இருந்தால்தான் விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பணம் வரும். ஆனால் நம்பிக்கை போய்விடும் அளவுக்கு இருட்டு இருந்தாலும் பணம் வராது. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் அந்த இளைஞன் பேனாவைப் பிடிக்கவேண்டும்.

மூன்று சான்றுகள் தருகிறோம். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி அனுப்பிய நூலை ஐரோப்பாவில் அச்சிடவில்லை. 1867இல்தான், அதுவும் சென்னையில், அது அச்சேறியது. புறச்சமயத்தை இத்தனை அக்கறையோடு விவரிக்கும் மிஷனரி ஊரிலுள்ளவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. எமி கார்மைக்கேல் எழுதி 1903இல் வெளிவந்த நூலின் கையெழுத்துப்படி, உற்சாகம் குன்றச் செய்கிறது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. தோல்வியை உள்ளபடி எழுதும் மிஷனரியும் வேண்டியிருக்கவில்லை. மாறாக, கால்டுவெல் 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய சிறுநூல் மறு ஆண்டே லண்டனில் மறுபதிப்புக் கண்டது. தம்மிடையே வாழ்ந்து, தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருவர் தம்மை இப்படி எழுதினாரே என்று அச்சமூகத்தினர் கொதித்தார்கள். சாயர்புரத்தில் மிஷனரிகளிடமே கற்று நாசரேத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனரிகளோடு மோதி வெளியேறி, 1857இல் ஐரோப்பியர் கலவாத தனிச் சபையையே தொடங்கினார்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காகக் கால்டுவெல்லை வணங்குகிறவர்கள் 1849ஆம் ஆண்டு நூலைப் பற்றி வாய் திறப்பதில்லை. 1849ஆம் ஆண்டு நூலுக்காக அவரைத் தூற்றுகிறவர்கள், கிறித்தவத்தை விட்டுவிடாமலே கிறித்தவ மிஷனரியை எதிர்த்த சட்டாம்பிள்ளையைக் கண்டுகொள்வதில்லை. அவர் இவர்களுடைய சட்டகத்துக்குள் அடங்கமாட்டார். எது அச்சேறியது, எது திருப்பி அனுப்பப்பட்டது, எதைப் படித்து உள்ளூர்க்காரர் சினந்தார் என்று பார்த்துப் படிக்கும் பயிற்சி இலக்கிய வாசகனுக்கு உரியது. பாட்டின் கூற்றையும் கேட்போரையும் பிரித்தறியச் சங்க இலக்கியத்தில் பழகியவர்கள் நாம். யாருடைய கூற்று, யாரை நோக்கிய கூற்று என்ற கேள்வியை ஒரு மிஷனரிக் கடிதத்தின்மீது எழுப்ப நமக்கு வெளிநாட்டுக் கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை.

'மதம் மாற்ற வந்தவன் பட்ட கஷ்டத்தை நாங்கள் ஏன் படிக்கவேண்டும்? அது அனுதாபம் தேடும் வேலை' என்பது இன்னோர் ஆட்சேபம். படிப்பது வேறு, அனுதாபப்படுவது வேறு. அன்றாடத்தைப் படித்தால்தான் கண்டனமும் கூர்மை பெறும். இதற்கு எம் கட்சியில் நிற்கும் மிகப்பெரிய சாட்சி ஒரு கிறித்தவர், திருநெல்வேலித் தமிழர், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் 35 வயது அசரியா எழுந்து பேசியது இறையியல் அன்று, ஏகாதிபத்திய ஆய்வும் அன்று. யார் வீட்டில் யார் உண்கிறார்கள், யார் கையை யார் பற்றிக் குலுக்குகிறார்கள் என்பதைப் பேசினார். ஆண்டுக்கணக்காக இந்தியாவில் இருக்கும் மிஷனரிகளில் தம் இந்திய உடன்ஊழியரை ஒருமுறைகூடச் சாப்பாட்டுக்கு அழைக்காதவர்கள் உண்டு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் தியாகத்துக்கு நன்றி. எங்களுக்குத் தேவை நண்பர்கள் என்று முடித்தார். அரங்கில் பலர் முகம் சுளித்தனர். மிஷனரி இயக்கத்தின்மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூரியது ஒன்றை நாம் அறியோம். அது சாப்பாட்டு மேசையிலிருந்து, அதாவது அன்றாடத்திலிருந்து, எழுந்தது. போப்பின் கல்லில் உள்ள 'தமிழ் நண்பர்கள்' என்ற சொல் ஏன் விசாரணைக்குரியது என்பதும் இப்போது விளங்கும்.

அசரியா பேசியதோடு நிற்கவில்லை. 1903இலேயே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்றவர் அவர். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நெல்லைச் சீமையிலிருந்து தமிழ் இளைஞர்கள் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு மிஷனரிகளாகப் போனார்கள். 1909இல் அசரியாவே அங்கு போய்த் தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இப்போது அயல்மொழியின் முன் திணறியவர்கள் தமிழர்கள். வேற்றூர் உணவும் வேற்றூர்ச் சாதியும் புரியாமல் விழித்தவர்கள் தமிழர்கள். ஊருக்குக் கடிதம் எழுதிக் காணிக்கைக்குக் காத்திருந்தவர்களும் தமிழர்கள். அவர்களுக்குத் தெலுங்கு கற்பித்தவர் யார்? தோர்ணக்கல்லின் ஏழைகளைப் பற்றி நெல்லைக்கு அவர்கள் என்ன எழுதினார்கள்? 1849இல் கால்டுவெல் நம்மைப் பற்றி எழுதியதைப் போல ஏதும் எழுதினார்களா? வெள்ளைக்காரனிடம் கேட்கும் அதே கேள்விகளை நம்மவர்களிடமும் கேட்கும் நேர்மை வேண்டும்.

இது பழங்கதையும் அன்று. எம் விருதுநகர் மாவட்டத்திலிருந்தும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்களும் இளம் தம்பதியரும் குஜராத்துக்கும் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் இன்றும் மிஷனரிகளாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பழங்குடி மொழிகளைக் கற்கிறார்கள். பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டுக் காட்டூர்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய கடிதங்கள் சபை இதழ்களில் மாதந்தோறும் அச்சாகின்றன. அவ்விதழ்களைச் சிற்றிதழ் வாசகர் கையால் தொடமாட்டார். சபையாரோ அவற்றை ஜெபக் குறிப்பாக மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். ஒரு தரப்புக்கு அவை பிரசுரக் குப்பை. மறுதரப்புக்குப் புனிதப் பொருள். நடுவில், ஒரு காட்டூரில் ஒரு தமிழ்ப் பெண் அடுத்த வீட்டுக்காரியிடம் உப்புக்கு என்ன பெயர் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளும் காலைப்பொழுது பதிவில்லாமல் போகிறது. அந்த அடுத்த வீட்டுக்காரியின் பெயரும் அழகப்பன் பெயரைப் போலவே காணாமற்போகும்.

ஆகவே சில கோரிக்கைகள். முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் 'கிறித்தவத் தமிழ்' என்றால் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் அகராதிகளின் ஆண்டுப் பட்டியலும் என்ற நிலை மாறவேண்டும். ஒரு மிஷனரியின் நாட்குறிப்பையோ கடிதத் தொகுதியையோ தமிழில் பெயர்த்துப் பாடமாக வைக்கவேண்டும். ராக்லண்டின் கடிதங்கள் தமிழில் வரவேண்டும். அம்மொழிபெயர்ப்பை விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் செய்வதே முறை. அழகப்பன் முதல் வட திருநெல்வேலி உபதேசியார்கள் வரை, மிஷனரியின் நாளைச் சாத்தியமாக்கிய தமிழர்களின் பெயர்களைத் திரட்டும் ஆய்வுக்கு ஒரு மாணவராவது முன்வரவேண்டும். ஆவணக் காப்பகத்தில் உட்காரப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்கள் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

இவை எதையும் செய்ய முடியாது என்பவர்கள் ஒன்றே ஒன்று செய்யலாம். அடுத்த கருத்தரங்கில் போப்பின் கல்லறைக் கதையைச் சொல்லாமல் விடலாம். அந்த ஐந்து நிமிடத்தில் கல்லை நாட்டிய தமிழ் நண்பர்கள் யார் என்ற கேள்வியை மாணவர் முன் வைத்தால், கைதட்டல் சற்றுக் குறையும். தேடப் புறப்படும் மாணவர் ஒருவர் கிடைக்கக்கூடும்.